டால்டாவும் உடம்பின் காவல்காரர்களும்

நோய் எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 2020ல் கொரோனா வந்த பிறகு அந்த வார்த்தையைச் சொல்லியே என்னென்னவோ விற்றார்கள். ஆனால் திருடன் வராத வீட்டில் காவல்காரன் ராத்திரி முழுக்கத் தடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால்? உடைவது நம் வீட்டு ஜன்னல்தான். டிரான்ஸ் கொழுப்பு பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

கொஞ்சம் வேதியியல், பயப்படாதீர்கள். எண்ணெயில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தின் சங்கிலி இடையில் வளைந்திருக்கும். வளைந்த குச்சிகளை நெருக்கமாக அடுக்க முடியாதல்லவா, அதனால்தான் எண்ணெய் திரவமாக இருக்கிறது. நிக்கலை வினையூக்கியாக வைத்து, சூடாக்கி, ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றினால் சில சங்கிலிகள் நிமிர்ந்துவிடும். எண்ணெய் நெய் மாதிரி உறையும். சீக்கிரம் கெடவும் கெடாது. 1902ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் இந்த முறைக்குக் காப்புரிமை கோரினார். 1937ல் நம் நாட்டுக்கு டால்டா வந்தது.

சாப்பிட்ட இந்த நேரான கொழுப்பு நம் செல்களின் சவ்விலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அபாய அறிவிப்புகளை அனுப்புகின்றன. கிருமியே இல்லாமல்! அதைக் கேட்ட கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. அமெரிக்காவில் 730 செவிலியர்களிடம் செய்து 2005ல் வெளியான ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பு மிக அதிகம் சாப்பிட்டவர்களின் சி.ஆர்.பி., மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட 73 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் உணவை அளந்து கொடுத்துச் செய்த சோதனைகளில் சிலவற்றில் சி.ஆர்.பி. ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறி நல்லது இறங்குவதில் மட்டும் சந்தேகமே இல்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் அந்தக் கெட்டது படிய, அதை விழுங்கவும் இதே வெள்ளணுக்கள்தான் ஓடி வருகின்றன. விழுங்கி விழுங்கி அங்கேயே வீங்கிச் சாகின்றன. மாரடைப்பு, கொழுப்பு அடைத்த குழாயின் கதை என்பதை விட, வீங்கிய குழாயின் கதை என்றே எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அப்பா. அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சித்தப்பா வைத்திருப்பதோ பேக்கரி. சாயங்காலம் டீயும் இரண்டு பப்ஸும் இல்லாமல் அப்பாவுக்குப் பொழுது போகாது. "உங்க தாத்தா இதைத் தின்னுட்டுத்தான்டா எண்பது வயசு இருந்தாரு" என்பார் சித்தப்பா. தாத்தா தினமும் எட்டு மைல் சைக்கிள் மிதித்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு நல்ல செய்தி உண்டு. பத்து சதவீதம் வரை அனுமதித்த நம் அரசு, அதை ஐந்தாக்கி, 2021ல் மூன்றாக்கி, 2022 ஜனவரி முதல் மொத்தக் கொழுப்பில் இரண்டு சதவீதம்தான் என்று நிறுத்திவிட்டது. டென்மார்க் இதை 2003லேயே செய்தது, அது வேறு விஷயம். சித்தப்பா இப்போது வனஸ்பதி டின்னைத் திருப்பி லேபிளைப் பார்த்துத்தான் வாங்குகிறார். அப்பாவின் இரண்டு பப்ஸை ஒன்றாக்கும் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அம்மா என் பக்கம்!