பெயிண்டுக்கு அடியில் ஒரு படகு

என் வீட்டுக் கொல்லையில் எப்போதும் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடக்கும். தை மாதம் பார்த்தது சித்திரையில் இருக்காது. அடுத்த மழைக்காலத்தில் வேறொன்று வந்துவிடும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே எங்கள் பக்கத்தில் என்னைப் படகு வியாபாரி என்பார்கள். ரெசின் கடைக்கும் கூலிக்கும் கொடுத்ததுபோக என் கையில் நிற்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணையாவது வச்சுக்கிட்டுத் தொழிலுக்குப் போகக் கூடாதா மாப்ள?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். கெட்டுக் கிடப்பதைக் கண்டால்தான் எனக்குக் கை பரபரக்கிறது. சரியாகிவிட்ட படகைப் பார்த்தால் விற்கத் தோன்றுகிறது. என்ன செய்ய?

கட்டுமரக் காலத்தில் இந்த வேலைக்கே இடமில்லை. தண்ணீர் குடித்துக் கனத்துப்போனால் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள். கடைசியில் அடுப்புக்கு ஆகும். ஃபைபர் மெல்ல மெல்லத்தான் கரைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மொத்தமாக வந்து இறங்கிவிட்டது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்தன, பட்டறைகள் புதிது புதிதாக முளைத்தன. அவசரத்தில் செய்தவற்றில் அடுக்கு குறைந்த படகுகளும் இருந்தன. நான் தொழில் கற்றது அவற்றைப் பிரித்துத்தான். ஃபைபர் மக்காது, விறகுக்கும் உதவாது. சவுக்குத் தோப்போரம் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய படகுகளை எங்கள் கரையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் ஒன்றாவது குறையட்டும் என்பது என் கட்சி.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும், கையில் பணமில்லாதவர் படகை விலை பேசுவார். வாங்க அதுதான் நேரம். விற்க வேண்டியது பங்குனிக்குள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அவை கரையில் நிற்க, சிறிய நாட்டுப்படகு மட்டும் கடலுக்குப் போகும், மீன் விலையும் ஏறும். அந்த இரண்டு மாதத்தை மனத்தில் வைத்துத்தான் படகு தேடி வருவார்கள்.

வாங்கப் போகும்போது நான் பெயிண்டைப் பார்ப்பதில்லை. புது பெயிண்ட் அடித்த பழைய படகென்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். ஐந்து ரூபாய் நாணயத்தால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போவேன். அடுக்குகள் ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் 'பொத்'தென்று விழும். எஞ்சின் உட்காரும் இடத்தில் குனிந்து பார்ப்பேன். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் நாளெல்லாம் உதறுவதால் சிலந்தி வலைபோல விரிசல் ஓடியிருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பொதிந்த பலகை ஊறிப் புட்டாகிவிடும். எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. மணலில் இழுத்து ஏற்றுகிறோம். அதனால் முதலில் தேய்வது அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா. மேல்பூச்சான ஜெல் கோட் போய் நார் வெளியே தெரிந்தால், திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அந்த நார் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அடிப்பக்கத்தில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்தி முகர்ந்து பார்க்க வேண்டும். காடி நெடி அடித்தால் ரெசினே கெடத் தொடங்கிவிட்டது.

கண்ணுக்கும் காதுக்கும் சிக்காத கோளாறு ஒன்று உண்டு. தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருக்கும் ஃபோம் நீர் கோத்துவிடும். அதைப் படகுக்காரரிடம் கேட்டு அறிய முடியாது. தள்ள வருகிற பையன்களிடம் கேட்க வேண்டும். "முன்னாடி ஆறு பேரு தள்ளுவோம்ணே, இப்ப பத்துப் பேரு வேணும்" என்றால் விஷயம் முடிந்தது. ஏராவை ஒட்டித் துளை போட்டால் நாள்கணக்கில் சொட்டும். ஃபோமைச் சுரண்டி எடுக்காமல் விடக் கூடாது. பதிலுக்குத் தெர்மாகோலை வைத்து மேலே பாலியெஸ்டர் ரெசின் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம்தான் தாங்கும்.

வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது. உப்பு ஈரத்தை விடாது; நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிக் கவிழ்த்துப் போட்டு மாசி வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு கிரைண்டர். பொத்தென்ற இடத்தையெல்லாம் நல்ல அடுக்கு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அதோடு நின்றாலும் ஆகாது. கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு சுற்றிலும் சரிவாக இழைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். பழைய ரெசின் இறுகி முடிந்தது, புதிய ரெசின் அதோடு கலக்காது, பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். பற்ற அகலமும் சொரசொரப்பும் வேண்டும். முதலில் துண்டு நார் விரிப்பான மேட், அதன்மேல் நெய்த நாரான ரோவிங், மறுபடி மேட். ரோவிங்கை நேராகப் பழைய ஃபைபர்மேல் ஒட்டினால் ஒருநாள் பட்டையாக உரிந்து வரும். ரோலரால் காற்றுக் குமிழை விரட்டுவதில் என் பொறுமை முழுவதும் செலவாகிறது. வீட்டில் யாரிடமும் நான் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு.

கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். உச்சி வெயிலில் அந்தப் 10 கிராமே அதிகம். மக்கிலேயே இறுகிப் புகையும். பனி உலர்ந்த பின் காலையில் சீக்கிரம் முடிப்பதுதான் வசதி. இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே மற்றது. புதிதாக வரும் பையனுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், அடுத்தது முகமூடி. அரிப்பு நாலு நாளில் போய்விடும், நெஞ்சுக்குள் போன தூசி போகாது.

பிறகு காகிதம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பிறகு படகின் எண்ணையும் பதிவையும் கடலில் நிறுத்திக் கேட்கிறார்கள். மீன்வளத்துறையில் பெயர் மாற்றாமல் வாங்கினால் படகு உங்களுடையது, பொறுப்பு இன்னொருவருடையது. விற்றவருக்கும் அது தலைவலிதான்.

விற்கும்போது பழுது பார்த்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பெயிண்ட் அடிக்கும் முன்பே ஆளை வரச்சொல்லிக் காட்டுவேன். "இப்படிக் காட்டுனா எவன்டா விலை கொடுப்பான்" என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார். விலை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படகில் நாலு பேர் கரை தெரியாத தூரத்துக்குப் போவார்கள். பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பையில் ஒரு நாணயத்தோடு போங்கள், தட்டவிடாதவரிடம் வாங்காதீர்கள்.