செவியாற் கண்ட கதை

கதை கேட்டலில் வேட்கையில்லா மக்கள் எந்நாட்டினும் இலர். பாட்டியின் மடியிற் கிடந்து கேட்ட கதையும், ஊர்ப்பொதுவிற் கூத்தர் ஆடிக்காட்டிய கதையும் ஒருபுறம் நிற்க, இந்நாளில் வாரந்தோறும் பகுதி பகுதியாக இணையவழி வரும் தொடர்கள் மாணவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்து நிற்கின்றன. அவற்றுள்ளும், சூப்பர் ஹீரோ என்று வழங்கும் அதிமானிட வீரர் கதைகட்கு விடுதிகளில் உள்ள செல்வாக்கு யாவரும் அறிந்ததே. வானிற் பறப்பாரும் இரும்பை வளைப்பாருமாகிய அவ்வீரர் கூட்டத்தில் இரு கண்ணும் இழந்த ஒருவன் உளன். அவனே டேர்டெவில். அவன் கதையின் புதிய பருவத்தை, கண்ணிழந்த அண்ணன் ஒருவருடன் கூடியிருந்து 2025 ஆம் ஆண்டில் யாம் கண்ட வகையையும், அதனால் எய்திய பயனையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

டேர்டெவில் கதை முதன்முதல் 1964 ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனத்தாரின் படக்கதை இதழாக வெளிவந்தது. அதனை ஆக்கியோர் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் பில் எவரெட்டும் ஆவர். நியூயார்க் மாநகரத்து மன்ஹாட்டனின் மேற்புறத்தே ஹெல்ஸ் கிச்சன் என்றொரு பகுதி உண்டு. ஆங்குக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் மகனாய் வளர்ந்த மேட் மர்டாக் என்னும் சிறுவன், பாரவண்டியின் முன் அகப்பட்ட முதியவர் ஒருவரைக் காக்கப் பாய்ந்து, அவ்வண்டியினின்று சிதறிய நச்சுப்பொருள் கண்ணிற் படப் பார்வையிழந்தான். ஆயினும் அவன் ஏனைப் புலன்கள் மக்கள் இயல்புக்கு மேற்பட்ட கூர்மை எய்தின. பிறர் நெஞ்சத் துடிப்பும் அவன் செவிக்குக் கேட்கும். வளர்ந்தபின் அவன் பகலில் வழக்கறிஞன்; இரவில் முகமூடி புனைந்து கொடியோரை ஒறுப்பவன். கத்தோலிக்க சமயத்தான் ஆதலின், தான் செய்யும் வன்செயல் பற்றிக் குருவிடம் சென்று மனம் புழுங்குவதும் அவன் கதையில் ஒரு பகுதியாகும்.

இக்கதை 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் நெட்ஃபிலிக்ஸ் வாயிலாகத் தொடராக வெளிவந்தது. பருவத்துக்குப் பதின்மூன்று பகுதியாக மூன்று பருவங்கள் 2018 வரை வந்து நின்றன. பின்னர் 2025 ஆம் ஆண்டு மார்ச் 4 முதல் ஏப்ரல் 15 வரை, 'மீண்டும் பிறத்தல்' என்று பொருள்படும் பெயர் தாங்கி, ஒன்பது பகுதிகளாக அது மறுபடியும் தலைகாட்டிற்று. மர்டாக்காகச் சார்லி காக்ஸும், அவன் பகைவனாகிய வில்சன் ஃபிஸ்க்காக வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோவும் முன்போலவே நடித்தனர்.

ஈண்டு ஒரு செய்தியைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. கண்ணிழந்தோன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட அத்தொடர் 2015 இல் வெளிவந்தபொழுது, கண்ணிழந்தோர் அதனைப் பின்தொடர்தற்கு வேண்டிய ஒலிவிளக்கம் அதற்கு இல்லாதிருந்தது. ஒலிவிளக்கமாவது, பாத்திரங்கள் பேசாதிருக்கும் இடைவெளியில், திரையில் நிகழ்வதை ஒருவர் சொற்களால் எடுத்துரைக்கும் குரற்பதிவு. தம்மைப் பற்றிய கதை தமக்கே எட்டாதிருத்தலைப் பார்வையற்றோரும் அவர்க்காக வாதாடினோரும் எடுத்துக்காட்ட, நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, நெட்ஃபிலிக்ஸ் நிறுவனத்தார் அத்தொடருக்கு ஒலிவிளக்கம் சேர்த்தனர். பின்னர்ப் பிற தொடர்கட்கும் அதனை விரித்தனர். மர்டாக்காக நடித்த காக்ஸ் கண்ணுடையவர். அவர் ஜோ ஸ்ட்ரெச்சே என்னும் பார்வையற்ற ஆலோசகர் ஒருவரை அணுகியே பார்வையற்றோர் நடையும் பழக்கமும் அறிந்துகொண்டார்.

நிற்க. எம் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் வாழ்ந்த அண்ணன் ஒருவர், எம்மினும் ஈராண்டு மூத்தவர், எம்மைப் போலவே தமிழ்ச் சிறப்பு வகுப்பினர், பிறவியிலேயே பார்வையற்றவர். யாப்பருங்கலக்காரிகையில் அவர்க்கிருந்த பயிற்சியை எம் வகுப்பினர் அனைவரும் அறிவர். பழைய பருவங்களை ஒலிவிளக்கத்துடன் முன்னரே கேட்டிருந்தார். புதிய பருவம் எமக்குக் கிட்டிய வழியில் அவ்விளக்கம் இல்லாமையால், அப்பணி எம்மிடம் வந்தது. முதற்பகுதியைத் தொடங்குமுன், எவ்வெவற்றை எடுத்துச் சொல்லுதல் வேண்டும் என்று யாம் அவரை வினவினோம்.

"அடி விழுந்தால் எனக்குக் கேட்கும், அடித்தவன் யார் என்பது கேட்காது. ஒருவன் அழுதால் கேட்கும். அழாமல் அடக்கிக்கொண்டால் கேட்காது. கேளாததை மட்டும் சொல், தம்பி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர்.

இலக்கண நூற்பா போல் அமைந்த இவ்விடையே ஒன்பது வாரமும் எமக்கு வழிகாட்டிற்று. பார்த்தல் என்பது எத்துணைச் சுருங்கிய தொழில் என்று அதற்குமுன் யாம் எண்ணியதில்லை. ஒரு காட்சியில் கேட்கத்தக்கவற்றைக் கழித்துவிட்டால், எஞ்சுவன ஒரு நோக்கு, ஒரு கையசைவு, வாயிலில் நிற்பவனது உருவம் ஆகிய சிலவே. அச்சிலவற்றையும் மூன்று நான்கு சொற்களில், அடுத்த உரையாடல் எழுமுன் சொல்லி முடித்தல் வேண்டும். குறள் வெண்பாவின் அருமை எமக்கு இதனாலும் ஒருவாறு விளங்கிற்று.

முதற்பகுதியின் தொடக்கத்திலேயே ஒரு பெருந்துயர் நிகழ்கின்றது. மர்டாக்கும், அவன் தோழனும் தொழிற் பங்காளியுமாகிய ஃபாகி நெல்சனும், கேரன் பேஜ் என்பாளும் ஒரு மதுச்சாலையிற் கூடியிருக்கும் இரவில் பழம்பகைவன் ஒருவன் வந்து தாக்குகின்றான். ஃபாகி வெளியே தெருவிற் குண்டுபட்டு வீழ்கின்றான். மர்டாக்கோ அக்கொலைஞனுடன் பொருதுகொண்டே மேல்தளத்தை அடைகின்றான். அங்ஙனம் பொருகையில், கீழே கிடக்கும் தோழனது நெஞ்சத் துடிப்பு அவன் செவிக்கு எட்டுகின்றது, தளர்கின்றது, நின்றுவிடுகின்றது. யாம் மேல்தளத்துச் சண்டையை உரைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் எம் முழங்கையைப் பற்றி, "நின்றுவிட்டது" என்றார். அவர் கூறிய பின்னரே மர்டாக்கின் முகம் மாறுவதை யாம் கண்டோம். அவ்வொருகாற் சொல்பவர் அவரும் கேட்பவர் யாமுமாயினோம்.

ஃபாகி யார் என்பதைப் பழைய தொடரைக் கண்டோர் அறிவர். கொலம்பியாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி விடுதியில் மர்டாக்குக்கு அறைத் தோழனாய் வாய்த்தவன் அவன். வீரனல்லன், பருத்த உடலும் ஓயாத பேச்சும் உடையவன். அருகே நடந்து, வேடிக்கை பேசி, வேண்டும்போது முழங்கை நீட்டுவதே அவன் செய்த பெருஞ்செயல். தன் தோழனது மறைவான இரவு வாழ்க்கை 2015 ஆம் ஆண்டுப் பருவத்தில் வெளிப்பட்டபோது, தன்னிடம் மறைத்தானே என்று அவன் பட்ட வருத்தம், அடிதடி நிறைந்த அக்கதையில் நெஞ்சை மிகத் தொடுவதாகும்.

அவன் இறந்தபின் கதை போகும் போக்கை விரிக்க வேண்டுவதில்லை. மர்டாக் முகமூடியைத் துறக்கின்றான். கேரனும் நகரை விட்டு நீங்குகின்றாள். கொடியவனாகிய ஃபிஸ்க் மக்கள் வாக்கினாலே நகரத் தலைவன் ஆகின்றான். இவ்விருவரும் ஓர் உணவுச்சாலையில் எதிரெதிர் அமர்ந்து உரையாடும் காட்சி நெடியது. அதற்கு எம் விளக்கம் பெரும்பாலும் வேண்டப்படவில்லை. ஃபிஸ்க் மூச்செறியும் வகை ஒன்றே அவன் உள்ளத்தைக் காட்டிவிட்டது என்றார் அண்ணன். பின்னர், தான் கொன்றோர் குருதியாற் சுவர்களில் ஓவியம் வரையும் ஒரு கொடியவன் வருகின்றான். ஓவியத்தை எங்ஙனம் உரைப்பது என்று யாம் தயங்க, "படத்தை விடு, பார்க்கிறவர்கள் முகம் எப்படி இருக்கிறது, அதைச் சொல்" என்றார்.

பருவம் முடிந்த இரவில், அண்ணனிடம் தொடரைப் பற்றி அவர் கருத்தை வினவினோம். அவர் கூறியவற்றை இயன்றவரை அவர் சொல்லாகவே தருகின்றோம்.

"மர்டாக் கையில் வெள்ளைக்கோல் ஒரு வேடம், தம்பி. இரவானால் அதை எறிந்துவிட்டுக் கூரைமேல் தாவுகிறான். எனக்கு அது வேடம் அல்லவே! அவனுக்குத் தேர்வெழுத எழுத்தர் தேட வேண்டிய கவலை உண்டா? பேருந்தின் பெயர்ப்பலகையை யாரிடமேனும் கேட்க வேண்டுமா? ஆகையால் அவன் செவியை நினைத்து நான் ஏங்கியதே இல்லை. நான் ஏங்குவது ஃபாகிக்காக. அந்தக் கதையில் ஒரு குருடனுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது அவன் ஒருவன்தான். அவனையும் முதல் நாளே கொன்றுவிட்டார்கள்."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அவர், "அடுத்த மாதம் எனக்குத் தேர்வு முடிகிறது. ஆசிரியர் பயிற்சிக்கு வேற்றூர் போகிறேன். ஊருக்கு ஊர் ஒரு ஃபாகி கிடைப்பானா?" என்று நகைத்தவாறே கேட்டார். அந்நகைப்பிற்கு யாமும் நகைத்தோம். வினாவிற்கு விடை எம்மிடம் இருந்ததில்லை. ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர் அவ்வினாவைத் தாங்கியே கல்லூரி வாயிலைக் கடக்கின்றனர் என்பது அன்றுதான் எம் உள்ளத்திற் பட்டது.

தமிழ் பயில்வார்க்கு இதனை நினைக்குந்தோறும் இரட்டைப் புலவர் நினைவிற்கு வருதல் இயல்பே. ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். கண்ணிலார் தோளிலே காலிலார் அமர்ந்து வழிகாட்ட, ஊர்தோறும் சென்று பாடினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஒருவர் வெண்பாவின் முன்பாதியைத் தொடங்க மற்றவர் பின்பாதியை முடிப்பராம். அவ்விருவருள் உதவியவர் யார், உதவி பெற்றவர் யார் என்று பிரித்துரைத்தல் இயலுமோ? தோள் கொடுத்தவர் வழி பெற்றார். வழி சொன்னவர் தோள் பெற்றார். ஒன்பது வாரமும் எம் அறையில் நிகழ்ந்தது அதனினும் எளியதாயினும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. யாம் படம் சொன்னோம்; அண்ணன் எமக்கு ஒலி சொன்னார்.

எம் மறைநூலில் மாற்கு எழுதிய சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்துள், எரிகோவின் வழியருகே இருந்த பர்த்திமேயு என்னும் குருடன் ஆண்டவரை நோக்கிக் கூவுகின்றான். அவன் கண் தெரியாதவன் என்பது எவர்க்கும் புலப்படும். ஆயினும் ஆண்டவர் அவனை அருகழைத்து, அவன் விரும்புவது யாதென்று முதலில் அவனையே வினவுகின்றார். இவ்வினா எற்றுக்கு என்று ஞாயிற்றுப் பள்ளியில் யாம் ஐயுற்றதுண்டு. இப்பொழுது அவ்வையம் நீங்கிற்று. பிறர்க்கு வேண்டுவது இன்னதென்று நாமே முடிவுசெய்து ஈவது எளிது. அவரை வினவியறிந்து செய்வதே அவரைத் தோழராகக் கொள்வதாகும்.

மாணவ நண்பர்காள்! அண்ணன் இக்கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் சூன் திங்களில் பார்வையற்ற மாணவர் நம் துறையிற் புதியராய்ச் சேர்கின்றனர். நம் பழைய உரைநூல்கள் பல கணினியிற் படங்களாகவே ஏற்றப்பட்டுள்ளன; எழுத்து வடிவம் பெறாத அப்பக்கங்களை அவர்தம் திரைவாசிப்பான் நேரே படித்துக்காட்ட மாட்டாது. ஒருவர் வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து தந்தால் அவை அவர்க்கும் நூலாகும். யாமும் எம் அறை நண்பர் இருவரும் நன்னூலுக்குக் காண்டிகையுரை வாசித்துப் பதியத் தொடங்கியுள்ளோம். எழுத்ததிகாரம் முடிந்தது, சொல்லதிகாரம் எஞ்சியுள்ளது. குரலும் கிழமைக்கு ஒரு மணி நேரமும் உடையார் எம்முடன் வந்து சேர்க. எவ்விடத்தில் நிறுத்தி, எதனை விளக்கி வாசித்தல் வேண்டும் என்பதை மட்டும், வாசிக்குமுன் கேட்போரிடம் வினவிக்கொள்க.