கட்டிலைத் தேடி வந்த மேஜை

ஹாஸ்டல் கட்டில்தான் நமக்கு டைனிங் டேபிள், ஸ்டடி டேபிள் எல்லாமே. ஒரு கையில தட்டு, மடியில லேப்டாப்னு சர்க்கஸ் பண்ற கூட்டத்துல நானும் ஒருத்தி. அதனாலேயே ஐலீன் கிரே மேல எனக்குத் தனிப் பிரியம்!

யாரு இவங்கன்னு கேக்கறீங்களா? 1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பாரீஸில் குடியேறி, சுகவாரா என்ற ஜப்பானியக் கலைஞரிடம் லாக்கர் வேலை கத்துக்கிட்டார். ஆர்க்கிடெக்சர் படிக்காமலேயே, ஐம்பதை நெருங்கும் வயசில் தென் பிரான்ஸ் கடலோரத்தில் ஒரு வீடு கட்டினார். 1929-ல் முடிஞ்ச அந்த வீட்டுக்குப் பேர் 'இ-1027'. ரோபோ பேர் மாதிரி இருக்கா? அது காதல் கணக்கு பாஸ்! 'இ' ஐலீனோட முதல் எழுத்து. 10, 2, 7 என்பது ஆங்கில வரிசையில் ஜே, பி, ஜி. ஜே, பி என்பது அவரோட அன்புக்குரிய ழான் பதோவிசி. ஜி என்பது கிரே. அவர் பேரை இவர் பேர் ரெண்டு பக்கமும் கட்டிப்பிடிச்சு நிக்குது!

அங்கேதான் நம்ம மேஜையும் பிறந்தது. உலோகக் குழாய் மேல வட்டக் கண்ணாடி. அடிப்பாகம் கட்டிலுக்குக் கீழே நுழைஞ்சுக்க, கண்ணாடி மடிக்கு நேரா வந்து நிக்கும். உயரத்தை ஏத்தலாம், இறக்கலாம். படுக்கையிலேயே டிபன் சாப்பிடப் பிடிச்ச சகோதரிக்காக யோசிச்சதுன்னு சொல்வாங்க.

அப்புறம்தான் கொடுமை. பின்னாளில் நம்ம சண்டிகரை வடிவமைச்ச லெ கார்பூசியே, 1930-களின் கடைசியில் ஐலீன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த வீட்டுச் சுவர்களில் ஓவியம் வரைஞ்சார். பல வருஷம் அந்த வீட்டையே அவர் கட்டினதா நினைச்சவங்களும் உண்டு!

1968-ல் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் உலகம் ஐலீனைத் திரும்பிப் பார்த்தது. அப்போ அவருக்கு 90 வயசு. 1976-ல் மறைந்தார். 2009-ல் அவரோட நாற்காலி ஒண்ணு பாரீஸ் ஏலத்தில் 2 கோடி யூரோவைத் தாண்டிப் போச்சு.

எனக்கு அந்தக் கோடிகளைவிட அந்த மேஜைதான் பெருசு. 'பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க'ன்னு யோசிக்காம, 'உட்காரப்போறவங்களுக்கு என்ன வேணும்'னு யோசிச்ச பொருள் அது. அதான் இன்னிக்கும் பழசாகலை.

நீங்க ராத்திரி முழுக்க முழிச்சுப் பண்ணின ப்ராஜெக்ட்ல வேற ஒருத்தர் பேர் முன்னாடி வந்தா, 90 வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க ப்ளீஸ். உரிமையோட கேளுங்க. ஆனா வேலை பண்ணும்போது, அதைப் பயன்படுத்தப்போற அந்த ஒரு ஆளை மட்டும் நினைச்சுக்கங்க!