குருவா, கட்டிடமா?

ஜவ்வாது மலைக்கு நான் போனது பலாச்சுளை தின்பதற்காகத்தான். சங்கீதக் கலாசாலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. ஆனால் ஜமுனாமரத்தூரில் ஆசிரியராயிருக்கும் என் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதல் சுளையை வாயில் போட்டுக்கொள்வதற்குள்ளாகவே, "அண்ணா! இவனுக்கு நீயாவது புத்தி சொல்லக் கூடாதா?" என்று என் தங்கை ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். மருமான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருந்தான். தகப்பனார் அவனை இன்ஜினீயராக்க உத்தேசித்திருந்தார். பையனோ, "படித்தால் சங்கீதம்தான் படிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அத்துடன் விட்டானா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலுள்ள பெர்க்லி கலாசாலைக்குத்தான் போவேன் என்றான். 1945-ஆம் ஆண்டில் தோன்றி உலகப் பிரசித்தி பெற்ற கலாசாலை அது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே அவனை அனுப்புவதென்றால், போளூரில் இருக்கும் ஒரே வீட்டை என் மைத்துனர் அடமானம் வைத்தாக வேண்டும்.

"அப்பனே! அங்கே உனக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

"அது தெரியாது, மாமா. ஆனால் கட்டிடத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அடேயப்பா!" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷத்துக்கு முன்பு நானும் பெரிய பெரிய தூண்களைப் பார்த்து மயங்கித்தான் ஒரு சங்கீதப் பள்ளியில் சேர்ந்தேன். தூண்கள் தவறாமல் நின்ற இடத்தில் நின்றன. வாத்தியார்தான் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டேன். அன்று பரணில் ஏறிய என் பிடில் இன்னும் கீழே இறங்கவில்லை.

ஆகவே, டைகர் வரதாச்சாரியாரின் கதையை மருமானுக்குச் சொன்னேன். 1931-இல் சென்னை மியூஸிக் அகாடமி, சங்கீத ஆசிரியர்களுக்கென்று ஒரு கலாசாலை தொடங்கியபோது, முதல் பிரின்ஸிபால் அவர்தான். பிறகு சென்னை சர்வகலாசாலையில் சங்கீத வகுப்பை நடத்தினார். அதன் பிறகு அண்ணாமலை சர்வகலாசாலை. கடைசிக் காலத்தில் கலாக்ஷேத்திரம். கட்டிடங்கள் நாலு, குரு ஒருவர். அவர் எங்கே உட்கார்ந்தாரோ, அதுவே கலாசாலை ஆயிற்று. 1949-இல் சென்னையில் அரசாங்கம் கர்நாடக சங்கீதத்துக்கென்று கலாசாலை திறந்தபோதும், முதலில் தேடியது முசிறி சுப்பிரமணிய ஐயரைத்தான்.

"அதெல்லாம் சரி. சங்கீதம் படித்து வயிறு வளர்ப்பது எப்படி?" என்று மைத்துனர் குறுக்கிட்டார்.

நியாயமான கேள்வி. சங்கீதப் படிப்பில் இன்றைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மேடையில் பாடுவது, வாசிப்பது ஒன்று. ஒலிப்பதிவு செய்வது இரண்டாவது. சங்கீதத்தின் வரவு செலவையும் சட்டத்தையும் கவனிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை லேசாக நினைக்க வேண்டாம். பாட்டெழுதியவர்களும் மெட்டமைத்தவர்களும் ஒரு கையெழுத்தில் சகல உரிமைகளையும் தாரை வார்த்த காலம் ஒன்று உண்டு. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டுப் பயன்படும்போது வரும் ராயல்டியில் அவர்களுடைய பங்கை எழுதி வாங்கிவிட முடியாதென்று ஏற்பட்டது. இது தெரிந்த ஒருவன் சங்கீத உலகத்துக்கு ஒரு வித்வானைப் போலவே அவசியம்.

"இந்த மூன்றில் உனக்கு எது வேண்டும்?" என்றேன்.

"எல்லாந்தான்!" என்றான் மருமான்.

அன்று சாயங்காலம் அவனுடைய பள்ளித் தோழன் ஒருவன் வந்தான். மலையாளிக் குடியைச் சேர்ந்தவன். மலையாளி என்றதும் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மலையின் பழங்குடி மக்களுக்கே அந்தப் பெயர். தோளில் தாத்தாவின் மேளம் இருந்தது. திருவண்ணாமலையிலுள்ள அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் தவில் கற்கப் போவதாகச் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, அங்கே போய்ப் புது அடி பழகினால், எங்கள் ஊர் அடி கையை விட்டுப் போய்விடுமா?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மருமான்தான் பதில் சொன்னான், வாயால் அல்ல. செல்போனை எடுத்து ஒரு பாறைமேல் வைத்தான். தோழனை வாசிக்கச் சொன்னான். கேட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினான். போனைப் பத்தடி பின்னால் தள்ளி வைத்தான். தோழனைச் சுவர்ப் பக்கத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னான். காற்றை மறைக்கத் துண்டைக் கட்டினான். இருட்டும் வரையில் ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தது. கடைசியில் அவன் அதைப் போட்டுக் காட்டியபோது, மேளத்தின் தோல் அதிர்வது கூட என் காதில் தனியாக விழுந்தது.

"இனிமேல் எங்கேயும் போகாது, போய் வா" என்றான் தோழனிடம்.

மறுநாள் காவலூர் வான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். இதே மலையில், நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே வேலை தொடங்கியது 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியைக் கொண்டுதான். நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல்தான் திறக்கப்பட்டது. 1982-இல் காலமான பாப்பு அதைப் பார்க்கவில்லை. அவர் பெயரை அது தாங்கி நிற்கிறது.

"முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார், பிறகு இடம் தேடினார், பெரிய மண்டபம் கடைசியில்தான் வந்தது" என்றேன்.

மருமான் வெகு நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "மாமா, சென்னைத் தரமணியில் அரசாங்கத் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு சொல்லிக் கொடுக்கிறார்களாமே? பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, அவர்கள் பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு வரலாமா?" என்றான்.

"அதுதான் கேள்வி!" என்றேன்.

மைத்துனருக்கு இன்ஜினீயர் ஆசை முழுதும் போய்விடவில்லை. ஆனாலும், "நானும் வருகிறேன்" என்று சொன்னார். போளூர் வீடு பிழைத்தது.

ஊர் திரும்பியதும் பரணில் ஏறினேன். பிடிலில் இரண்டு தந்தி அறுந்திருந்தது. பக்கத்துத் தெருவில் பிடில் சொல்லிக் கொடுக்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் தூண் ஒன்றும் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்.