அம்மாயியின் மூட்டையும் எரிமலையும்

ஆறாம் வகுப்பில் படித்த காலத்தில், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் மலை ஓர் எரிமலை என்றே நான் நம்பியிருந்தேன். புத்தகத்தில் எரிமலையின் படம் ஒன்று இருந்தது. கூம்பு போன்ற மலை, உச்சியில் புகை. ஹட்டனில் எங்கள் மலையும் அப்படித்தான் தெரியும். மழை விட்ட காலைகளில் அதன் தலையிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். அது வெறும் பனிமூட்டம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஏனென்றால் என்னிடம் வேறோர் ஆதாரம் இருந்தது.

எங்கள் லயக் காம்பராவில், கதவுக்குப் பின்னால் அம்மாயி ஒரு துணி மூட்டையைக் கட்டி வைத்திருந்தார். அதற்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், இரண்டு சேலை, ஒரு போர்வை. "எதுக்கு அம்மாயி இது?" என்று கேட்டால், "திடீர்னு ஓட வேண்டி வந்தா தூக்கிக்கிட்டு ஓடத்தான். பேசாம தூங்கு புள்ள" என்பார். மலை வெடித்தால் ஓடுவதற்குத்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எத்தனையோ இரவுகள் தரையில் காதை வைத்து, உள்ளே ஏதாவது கொதிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

மூட்டையின் உண்மைக் காரணம் வளர்ந்த பிறகுதான் விளங்கியது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983இலும் அம்மாயி பிள்ளைகளோடு தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். அந்த மூட்டையை அவர் சாகும்வரை அவிழ்க்கவில்லை. மலைக்குப் பயந்து கட்டியது அல்ல அது. மனிதருக்குப் பயந்து கட்டியது.

பேராதனையில் நான் சமூகவியல் படித்தபோது, விடுதியில் என் அறைத்தோழி யாழ்ப்பாணத்துப் பெண். அவள் படித்தது புவிச்சரிதவியல். ஒருநாள் எரிமலைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "உங்கட மலை வெடிச்சு வந்ததில்லை. அமுக்குப்பட்டு வந்தது" என்றாள். அந்த வார்த்தை என் மனதில் ஒட்டிக்கொண்டது.

அவள் சொல்லித் தந்ததை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். மத்திய மலைநாட்டின் பாறைகள் எரிமலைப் பாறைகள் அல்ல, உருமாறிய பாறைகள். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் நெருக்குண்டு கோண்டுவானா என்ற பெருநிலமாக ஒன்று சேர்ந்தன. அப்போது நம் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், 700 பாகைக்கும் மேலான வெப்பத்தில் கிடந்து உருமாறின. மேலே இருந்த மண்ணையும் கல்லையும் மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துச் சென்றன. அடியில் இருந்தது மேலே வந்தது. நாம் இன்று கொழுந்து பறிக்கும் மலை, ஒரு காலத்தில் பூமியின் அடிவயிறு.

கேட்டு வைத்த பாடத்தைக் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பம் 2024 பெப்ரவரியில்தான் வந்தது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து போரால் பாதிக்கப்பட்ட சகோதரிகள் பன்னிரண்டு பேர் எங்கள் பெண்கள் குழுவோடு மூன்று நாள் தங்க வந்தார்கள். அவர்களை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசித்து, என் தோழியையும் வரச்சொன்னேன்.

முதலில் ஹோட்டன் சமவெளி. விடியுமுன் புறப்பட்டு, நுவரெலியா, அம்பேவெல வழியாகப் பட்டிப்பொல வாசலுக்குப் போனோம். கொண்டுபோன பொலித்தீன் பைகளை அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பனிமூட்டம் வருமுன் 'உலக முடிவு' என்ற விளிம்பில் நின்றோம். காலடியில் 800 மீற்றருக்கும் அதிகமான செங்குத்துப் பள்ளம். கீழே ஒரு தேயிலைத் தோட்டம் பச்சைத் துணி விரித்ததுபோல் கிடந்தது. நாங்கள் நின்ற பாறையில் ஒரு வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் என்றாள் தோழி. கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லை வைத்து, 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற ஆய்வாளர் இட்ட பெயர். அந்தக் கல் சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை வட்டாரத்திலிருந்து போனதாம். "மதுரைப் பக்கத்து மலைகளும் நம்மட மலைகளும் ஒரே நெருக்கத்தில உருமாறினவை. கல்லுக்குக் கடவுச்சீட்டு இல்லை" என்றாள்.

வந்திருந்தவர்களில் ஓர் அக்கா அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பிறந்தது ஹட்டனில். 1977இல், ஐந்து வயதில், தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்குப் போனவர். அங்கே அவரைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். இங்கே வந்து வாயைத் திறந்ததும், "நீங்க யாழ்ப்பாணமா?" என்று கேட்டார்கள். 47 வருடங்களுக்குப் பிறகு பிறந்த இடத்தைப் பார்க்க வந்தவருக்கு இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான்: எங்கேயிருந்து வந்தவள்?

அடுத்த நாள் அவருடைய பழைய லயத்தைத் தேடிப் போனோம். லயம் இல்லை. தேயிலைக்கு நடுவில் அத்திவாரமும் மூன்று கருங்கல் படிகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. தோழி குனிந்து, ஈரக் கையால் ஒரு படியைத் துடைத்துக் காட்டினாள். கரும்பச்சைக் கல்லுக்குள் மிளகு அளவில் சிவப்புப் புள்ளிகள். "இது கார்னெட். ஆழத்தில அமுக்குப்பட்ட நேரம் கல்லுக்குள்ளேயே விளைஞ்சது."

மோதிரத்தில் வைக்கும் கல் எங்கள் வாசற்படியில்! எத்தனை பெண்கள் கொழுந்துக் கூடையோடு அதை மிதித்து ஏறியிருப்பார்கள்!

இந்தக் கற்களை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஒருவர் நம்மவர். கலை ஆய்வாளராக அறியப்படும் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராக இருந்தவர். கல்லைத் தேடி ஊர் ஊராக நடந்தபோதுதான் நலிந்துவந்த கைவினைஞர்களையும் கண்டார். கல்லைப் பார்க்கப் போகிறவர் மனிதரையும் பார்க்காமல் திரும்ப முடியாது போலும்.

அக்கா அந்தப் படியில் உட்கார்ந்தார். "யாழ்ப்பாணத்துக் கல்லுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். தோழி சிரித்தாள். "அது கடலுக்கடியில உருவான சுண்ணக்கல். ஒரு கோடி, ரெண்டு கோடி வருசம்தான். உங்கட படியோட பார்த்தா எங்கட ஊர் நேற்றுப் பிறந்த பிள்ளை." வவுனியாப் பக்கத்துப் பாறைகளை உலகத்து ஆய்வாளர்கள் 'வன்னித் தொகுதி' என்றே அழைக்கிறார்கள் என்றும் சொன்னாள். அக்காவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அப்ப நான் எங்க போனாலும் பழைய கல்லுக்கு மேலதான் இருந்திருக்கிறன்."

நான் அம்மாயியின் மூட்டைக் கதையைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னட்டையும் ஒரு சொப்பிங் பை இருக்குது பிள்ளை" என்றார். 2009இல் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய பை. அடையாள அட்டை, கிளினிக் அட்டை, மூத்த மகனின் பள்ளிக்கூட அறிக்கை. அந்த மகன் அந்த வருடத்துக்குப் பிறகு திரும்பவில்லை. "அவன் வந்தா அந்த அறிக்கை தேவைப்படுமெல்லோ. அதால அவிழ்க்கேல்லை."

அழுத்தம் பாறையை உருமாற்றும், அதில் மணி விளையும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லுக்கு வலி இல்லை. நமக்கு உண்டு. ஆனால் காலுக்குக் கீழே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வதில் ஒரு பலன் இருக்கிறது. எந்தப் பயத்தை விடலாம், எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அது சொல்லும்.

எங்கள் மலை வெடிக்காது. ஆனால் சரியும். பழைய பாறையின் மேல் உக்கிய மண் போர்வைபோல் கிடக்கிறது. கடும் மழையில் அது நீரை உறிஞ்சிப் பாரமாகி, பாறையின் மேல் வழுக்கிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படித்தான் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போவதற்கு வேறு காணி அந்த மக்களுக்கு இருக்கவில்லை. எங்கேயிருந்து வந்தவள் என்ற கேள்வியின் விலை அதுதான். இருநூறு வருடமாக உழைத்தவர்களில் பலருக்கு, ஆபத்தில்லாத ஒரு துண்டு நிலம் இன்னும் சொந்தமில்லை.

ஆகவே சகோதரிகளே, மலைச்சரிவில் வாழ்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் கம்பங்களும், திடீரென்று தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர். கண்டால் காத்திருக்க வேண்டாம். வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாடெங்கும் மண் சரிந்தபோது, நானும் அம்மாவும் இரவிலேயே பாடசாலைக் கட்டடத்துக்குப் போனோம். அங்கே தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் வந்த முதல் அழைப்பு அக்காவுடையது.

"பிள்ளை, மூட்டை கட்டினனியோ?"

"கட்டி எடுத்துட்டு வந்துட்டேன் அக்கா."

"பிறப்புப் பத்திரம்?"

"இருக்கு."

"சரி. விடிஞ்சதும் எடு" என்று சொல்லி வைத்தார். நான் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன்.