பினாங்கு: நாக்கும் உவமையும்

பினாங்குத் தீவுக்குப் போகிறவன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பாங்கில் என் பக்கத்து கவுண்டர்காரரிடம்கூட ஒரு பட்டியல் இருந்தது. குன்றின் மேல் ஏறும் ரயில் (1923-ல் திறந்தது, பாதையும் வண்டியும் பின்னால் மாறின), கெக் லோக் சி பௌத்த ஆலயம், பத்து ஃபெரிங்கி கடற்கரை, ஆர்மீனியத் தெருச் சுவரில் 2012-ல் ஒரு லித்துவேனிய ஓவியன் நிஜ சைக்கிள் ஒன்றைப் பதித்து, அதன் மேல் வரைந்துவிட்டுப் போன இரண்டு குழந்தைகள். நான்கு நாள் லீவில் இவற்றில் மூன்றைச் செய்து முடித்தேன். குன்றில் குளிர்ந்தது. கடற்கரை கடற்கரையாக இருந்தது. சைக்கிள் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நீளமாக இருந்ததால் திரும்பிவிட்டேன். இவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தீவில் ஒருவன் உண்மையாகச் செய்யக்கூடிய காரியம் சாப்பிடுவது ஒன்றுதான்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் கௌரவக் குறைவு என்று தெரியும். வாரப் பத்திரிகைப் பயணக் கட்டுரைகள் அந்தக் காரியத்தை நமக்குக் கெடுத்து வைத்திருக்கின்றன. எந்த நகரத்தில் தயிர்சாதம் கிடைத்தது, எந்த நதி நம் காவிரியைப் போல் இருந்தது என்பதற்கு மேல் அவை போனதில்லை. தயிர்சாதத்தை நான் மன்னித்துவிடுவேன், பசி உண்மையானது. அந்தப் ‘போல’தான் தொந்தரவு. புதுக்கவிதையில் ‘போல’ வேண்டுமா வேண்டாமா என்று நாம் இரவு இரவாகப் பேசியிருக்கிறோம். உவமை, கண்ட பொருளைக் காட்டுவதற்கா, அதைக் காணாமல் தப்பித்துக்கொள்வதற்கா என்ற கேள்விக்கு என் மேஜையில் கிடைக்காத விடை ஒன்று பினாங்கில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கிடைத்தது.

கெக் லோக் சியிலிருந்து இறங்கினால் ஆயர் ஈத்தாம் சந்தை. அந்தப் பக்கத்தில் அஸ்ஸாம் லக்ஸா சாப்பிட வேண்டும் என்பார்கள். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த சாறு. புளிப்புக்குப் புளியோடு நம் கொடம்புளிக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு காயின் உலர்ந்த வில்லைகள். சாற்றில் தடித்த அரிசிச் சேவை. மேலே வெள்ளரி, அன்னாசி, பச்சை வெங்காயம், புதினா, ஒருவகை இஞ்சிப் பூவின் மொட்டைப் பொடியாக நறுக்கியது. கடைசியில் கறுப்பாக, வெல்லப் பாகின் பதத்தில், ஒரு கரண்டி இறால் விழுது. முதல் வாயிலேயே நாக்கு ‘மீன் புளிக்குழம்பு’ என்று பெயர் சூட்டிவிட்டு வேலை முடிந்ததாக உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வாயில் அன்னாசி வந்தது. மூன்றாவதில் அந்த மொட்டின் வாசனை. அதற்கு என்னிடம் சொல்லே கிடையாது. அதற்குப் பிறகு புளிக்குழம்பு என்ற பெயர் உதவுவதற்குப் பதில் குறுக்கே நின்றது. கிண்ணத்தில் இருந்ததை நான் சாப்பிட்டது பெயர் உதிர்ந்த பிறகுதான். வெளிநாட்டுக் கவிஞன் ஒருவனைப் படித்த மறுகணம் ‘இது நம் சித்தர்களிடமே இருக்கிறது’ என்று எழுதுகிற விமர்சகர்களுக்கு அந்தக் கிண்ணத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

சார் குவே தியாவ் விஷயத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டிச் சதை, முளைகட்டிய பயறு, முட்டை. பன்றிக் கொழுப்பில், கரி அடுப்பின் மூர்க்கமான சூட்டில், ஒரு சமயத்துக்கு ஒரு தட்டு. கூலிக்காரர்களின் மலிவான சாப்பாடாக இருந்தது என்கிறார்கள். என் நாக்குக்கு ஒப்பிட ஒன்றும் அகப்படவில்லை, நிம்மதியாகச் சாப்பிட்டேன். அங்கே சீனர்களின் காப்பிக்கடைகளில் ஓர் ஏற்பாடு உண்டு. கடைக்காரர் பானங்களை மட்டும் விற்பார். சுற்றிலும் வாடகைக்கு நிற்கும் தள்ளுவண்டிகளில் ஆளுக்கு ஒரு பண்டம். லக்ஸாக்காரர் லக்ஸாவோடு சரி. நம்மிடையே முதல் கதை அச்சானவன் மறு மாதமே கவிதை, நாடகம், கோட்பாடு என்று நான்கு அடுப்பு மூட்டிவிடுகிறான்.

நாசி கண்டார்தான் கஷ்டமானது. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் தண்டு வைத்து இருபுறமும் தொங்கவிட்டுச் சுமப்பது. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புகள். துறைமுகத்துக் கூலிகளுக்கு இப்படிச் சுமந்து விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் பெயரில்தான் சூலியாத் தெரு. அவர்களை மலாயில் மாமாக் என்பது நம் ‘மாமா’விலிருந்து வந்தது. பக்கத்தில் கப்பித்தான் கெலிங் மசூதி, 1801-ல் அவர்களுடைய தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. கெலிங் என்ற சொல் இன்று வசவு. மசூதியின் பெயரில் மட்டும் மரியாதையோடு இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ‘ரஜூலா’ கப்பல் ஓடியது. 1973-ல் அது ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே முடிந்தது. கடையநல்லூரிலும் ராமநாதபுரம் பக்கத்திலும் இன்னும் பினாங்கை அடுத்த ஊர் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே ஒரு கடையில் வரிசையில் நின்றேன். சோறு, ஒரு துண்டு மீன், வெண்டைக்காய். கரண்டியோடு நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“எல்லா ஆணமும் ஊத்தவா, தம்பி?”

“தனித்தனியா ஓரத்தில விடலாமா, பாய்?”

“தனித்தனியாத் திங்கிறதுக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா?”

ஊற்றினார். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, மாட்டுக் குழம்பு, பருப்பு, ஒன்றன்மேல் ஒன்று. இதற்குப் பெயர் ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம். ஒவ்வொரு குழம்பும் எனக்குத் தெரிந்ததுதான். ஊர் பெயரோடு சொல்லிவிட முடியும். எல்லாம் சேர்ந்து வந்தது எனக்குத் தெரியாதது. லக்ஸாவில் அந்நியப் பொருளுக்கு என் பெயரைச் சூட்டப் பார்த்தேன். இங்கே என் பொருள்களே என்னை அந்நியனாக்கின. நம் வீட்டில் சாம்பார் ரசத்துக்கு முந்தி, ரசம் மோருக்கு முந்தி. அந்த வரிசையைச் சமையல் என்று நினைத்திருக்கிறோம். அது இலக்கணம். தோளில் சுமந்து நின்றபடியே பரிமாறியவனுக்கு வரிசை கட்டி நிற்கிற அவகாசம் இருந்திருக்காது.

இந்த மனிதர்களுக்கு நம் இலக்கியத்தில் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறோம்? ப. சிங்காரம் கொடுத்தார். 1972-ல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் சுமத்ராவிலிருந்து தொங்கானில் புயலைக் கடந்து வந்து சேர்வது இந்தப் பினாங்குக்குத்தான். அந்த நாவலில் மலாயும் சீனமும் செட்டிநாட்டுப் பேச்சும் விளக்கவுரை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். வாசகனுக்குத் தனித்தனிக் கிண்ணம் கிடையாது. அதன் நடை கலப்படம் என்று குறைப்படுகிறவர்களுக்கு அந்தப் பெரியவரின் பதிலைத்தான் சொல்லத் தோன்றுகிறது. சிங்காரம் 1997-ல் இறந்தார். அந்த நாவலைப் பெரும்பாலோர் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ல் நீங்கியது. தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ நகரத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆள் போன வீடுகள் ஹோட்டல்களாயின. சுவர் காப்பாற்றப்பட்டது. 2016 முதல் இன்னொன்றையும் காப்பாற்றுகிறார்கள்: தெருக்கடைகளில் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டுத் தொழிலாளிகள் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று மாநில அரசு விதி செய்தது. ருசி கெட்டுவிடுமாம். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மணிக்கட்டின் பழக்கத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிட முடியாது. கடைக்காரரின் மகன் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட, கூலிக்கு வந்தவன் அவசரமாகக் கிளறிய தட்டை நானும் சாப்பிட்டேன், நன்றாக இல்லை. ஆனால் அந்த ஊரில் ருசியாக இருக்கிற ஒவ்வொன்றும் கூலிக்கு வந்தவன் கொண்டுவந்தது. காவடித் தண்டோடு இறங்கியவனிடம் அன்றைக்கு யாரும் குடியுரிமைச் சீட்டுக் கேட்டிருந்தால் இன்று காப்பாற்ற அங்கே என்ன இருந்திருக்கும்? மொழியில் வடசொல்லையும் திசைச்சொல்லையும் வாசலில் நிறுத்தி விசாரிக்கும் நம் ஆட்களுக்கும் இதே கேள்விதான். இரண்டு தரப்புக்கும் காப்பாற்ற உண்மையாகவே ஏதோ இருக்கிறது. அதனால்தான் இதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

புறப்படுகிற அன்று காலை, குவீன் தெரு மாரியம்மன் கோயில் (1833) பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக இடியாப்பம். ஐம்பது வயதிருக்கும், தமிழர்தான்.

“இடியாப்பம் ரெண்டு குடுங்கண்ணே.”

“இது புத்து மாயாம்,” என்றார்.

“எங்க ஊர்ல இடியாப்பம்னு சொல்லுவோம்.”

“சொல்லுவீங்க. எங்க தாத்தாவும் அப்படித்தான் சொல்லுவாரு.”

தேங்காய்த் துருவலும் கறுத்த சர்க்கரையும் வைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். குழம்பு இல்லை. ஓரத்தில் நின்று சாப்பிட்டேன்.