கிண்ணம் விளைந்த திடல்

பெருகியோடும் ஆற்றின் அகலத்தைக் கண்டு வியப்போர் பலர். அது மலையிடுக்கில் சிறு ஊற்றாய்ப் பிறந்த இடத்தை எண்ணிப் பார்ப்போர் சிலர். வெற்றியும் அத்தகையதே. கிண்ணத்தைத் தலைக்குமேல் உயர்த்தும் கைகளை உலகம் காண்கிறது. அக்கைகளுக்கு உரியவர்கள் முதன்முதலில் ஓடிப் பழகிய திடலையும், அங்கே அவர்களுக்கு வழிகாட்டியவர்களையும் அது எளிதில் காண்பதில்லை. தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் வரலாறு அவ்வாறு ஊற்றுக்கண் வரை சென்று காணத்தக்கது.

இப்போட்டியின் முதல் ஆட்டங்கள் 2010ஆம் ஆண்டில் வங்கதேசத்தின் கடற்கரை நகரமாகிய காக்ஸ் பஜாரில் நிகழ்ந்தன. அதன்பின் கொழும்பு, இஸ்லாமாபாத், சிலிகுரி, விராட்நகர் ஆகிய ஊர்களில் போட்டி நடைபெற்றது. இவ்வைந்து முறையும் இந்தியாவே வாகை சூடியது. இறுதி ஆட்டத்தில் நான்கு முறை நேபாளமும், சிலிகுரியில் ஒருமுறை வங்கதேசமும் அதனிடம் தோற்றன. இந்திய மகளிரை வெல்ல இப்பகுதியில் எவரும் இலர் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது.

ஆறாம் போட்டி 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நேபாளத் தலைநகரான காத்மாண்டுவில் நடைபெற்றது. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. வங்கதேச மகளிர் மாலத்தீவையும் பாகிஸ்தானையும் வென்றபின், இந்தியாவையும் 3-0 என்னும் கணக்கில் வென்றனர். அரையிறுதியில் பூட்டானை 8-0 என்று வீழ்த்தினர். மற்றோர் அரையிறுதியில் நேபாளம் இந்தியாவை ஒரே கோலினால் வென்றது. இந்தியா இல்லாத இறுதி ஆட்டம் அன்றுதான் முதன்முறையாக அமைந்தது.

இறுதி ஆட்டத்திற்குச் சற்று முன்பு வங்கதேச அணியைச் சேர்ந்த சஞ்சிதா அக்தர் இணையத்தில் சில வரிகள் எழுதினார். தந்தையை இழந்தவரும், தாயின் கடைசிச் சேமிப்பைக் கொண்டு வந்தவரும், தமக்கையின் நகையை விற்று வந்தவரும் தம் அணியில் உண்டு என்று அவர் குறிப்பிட்டார். மேற்கூரையற்ற ஊர்தியில் நின்று ஊர்வலம் வருவது தமக்கு வேண்டியதன்று. ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் தம்மைப் பசும்புல்லில் கால்பதிக்கச் செய்த மக்களுக்காகவே வெல்ல விரும்புவதாக அவர் எழுதினார். அவ்வரிகள் நாடெங்கும் பரவின.

செப்டம்பர் 19ஆம் நாள் தசரத அரங்கில் நேபாள மக்கள் திரண்டிருந்தனர். மழையினால் திடல் சேறாகியிருந்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் வங்கதேச வீராங்கனை ஒருவர் காயத்தால் வெளியேறினார். அவருக்கு மாற்றாக இறங்கிய இளைய சம்சுன்னாகர், வந்த சிறுபொழுதிலேயே முதல் கோலைப் போட்டார். இடைவேளைக்குள் கிருஷ்ணா ராணி சர்க்கார் இரண்டாம் கோலைப் போட்டார். பின்னர் நேபாளத்தின் அனிதா பஸ்னெத் ஒரு கோல் போட்டதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆயினும் கிருஷ்ணா மீண்டும் ஒரு கோல் போட, 3-1 என்னும் கணக்கில் வங்கதேசம் வென்றது. போட்டி முழுவதிலும் அவ்வணி போட்ட கோல்கள் 23; ஏற்ற கோல் ஒன்றே. அணித்தலைவி சபீனா காதூன் மட்டும் எட்டுக் கோல்கள் போட்டார்.

இவ்வணியில் எண்மர் ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். மைமன்சிங் மாவட்டத்தில், காரோ மலையடிவாரத்தில், இந்திய எல்லைக்கு அருகே உள்ளது கல்சிந்தூர். தொடக்கப் பள்ளிச் சிறுமியருக்கென நாடுதழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றை வங்கதேச அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. கல்சிந்தூர்ப் பள்ளியின் ஆசிரியர் மபீஜ் உத்தீனும் தலைமையாசிரியை மினதி ராணி சீலும் தம் மாணவியரை அதற்கு ஆயத்தம் செய்ய முனைந்தனர். பெண்மக்கள் திடலில் ஓடி ஆடுவதா என்று ஊரார் முணுமுணுத்தனர். பெற்றோர் தயங்கினர். ஆசிரியர்களோ வீடு வீடாகச் சென்று பொறுமையுடன் பேசி இசைவு பெற்றனர். 2013 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து அச்சிறுமியர் அப்போட்டியில் வென்றனர். மின்விளக்கு எட்டாதிருந்த அவ்வூருக்கு, அவர்கள் பெற்ற வெற்றிக்குப் பின்னர் மின்சாரம் வந்தது. அவர்களுடைய வரலாறு அந்நாட்டுப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அணியின் நடுக்கள வீராங்கனை மாரியா மண்டா அவ்வூரினர், காரோ இனத்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த அவரையும் உடன்பிறந்தோரையும் தாய் வயலில் கூலிவேலை செய்து வளர்த்தார். கோல் காத்த ரூப்னா சாக்மாவும், ரிதுபர்ணா சாக்மாவும் ரங்கமாட்டி மலைநாட்டினர். இசுலாமியர், இந்துக்கள், பௌத்தர், கிறித்தவர் ஆகிய பல சமயத்தாரும், வங்காளியரும் மலைவாழ் இனத்தாரும் ஒரே நிறச் சட்டை அணிந்து ஒரே பந்தின் பின்னே ஓடினர். தனக்கே பந்து வேண்டும் என்பவர் அங்கே வெல்வதில்லை. தக்க நேரத்தில் அடுத்தவருக்குப் பந்தைத் தருபவரே வெற்றிக்கு வழி செய்கிறார்.

வென்றவர்கள் தாயகம் திரும்பியபோது, அரசுப் பேருந்து ஒன்றின் மேற்கூரை அகற்றப்பட்டு அவர்களுக்காகக் காத்திருந்தது. வேண்டாம் என்று சஞ்சிதா எழுதிய ஊர்வலத்தை நாடே விரும்பி நடத்தியது. விமான நிலையம் முதல் டாக்கா நகர வீதிகளெங்கும் மக்கள் திரண்டு நின்று வாழ்த்தினர்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அதே அரங்கில், அதே நேபாள அணியை 2-1 என்று வென்று வங்கதேசம் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது. வெற்றி தந்த கோலை ரிதுபர்ணா போட்டார். 2025ஆம் ஆண்டு ஜூலையில் மியன்மாரை வென்றபோதும் இரு கோல்களையும் அவரே போட்டார். அதன் பயனாக ஆசியக் கிண்ணப் போட்டியில் ஆடும் தகுதி அந்நாட்டு மகளிர்க்கு முதன்முறையாகக் கிட்டியது. ஆறுமுறை இறுதியில் தோற்றும் மீண்டும் மீண்டும் இறுதி வரை வந்த நேபாள மகளிரின் உறுதியும் போற்றத்தக்கதே.

எனினும் தடைகள் யாவும் நீங்கிவிடவில்லை. அதே 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வங்கதேசத்தின் வடபகுதியில் பெண்கள் கால்பந்து ஆட்டங்கள் சில, எதிர்ப்பினால் நடைபெறாமற் போயின. நாட்டுக்குக் கிண்ணம் கொணர்ந்த பெண்களைத் தலைநகரம் மலர்தூவி வரவேற்கிறது. அவர்களைப் போல் ஆட விழையும் சிறுமியைச் சிற்றூர் தடுக்கிறது. இம்முரண்பாடு நீங்கினாலன்றி வெற்றியின் ஊற்று வற்றாமல் இராது.

கிண்ணம் காத்மாண்டுவில் கிடைத்தது. ஆனால் அது விளைந்தது கல்சிந்தூர்ப் பள்ளித் திடலில். அங்கே இருந்தவை ஒரு பந்தும், சிறிது வெற்றிடமும், ஆடு என்று சொல்லிய ஆசிரியரின் சொல்லுமே. இவற்றுள் முதலிரண்டும் எவ்வூரிலும் கிடைப்பவை. மூன்றாவதைத் தருவது பெரியோர் கடமையாகும்.